எட்டு வந்த சிம் நம்பர்

இன்று சார்ஜர் வாங்க பதுளை டவுனில் ஒரு போன் கடைக்குப் போனேன்.

எனக்கு முன்னால் ஸ்பிரிங்வெளி தோட்டத்து அக்கா ஒருவர் கடைக்கார நானாவிடம் புது சிம் வாங்கிக்கொண்டிருந்தார். பிடித்த நம்பரை எடுத்து, இலக்கங்களை ஒற்றை எண் வரும்வரை கூட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டார்.

"எட்டு வருது நானா. பழைய நம்பரும் எட்டுதான். வீட்டுக்காரரு கத்தார்ல இருந்து கோல் எடுத்தாலே சண்டை."

எனக்குப் பொறுமை இல்லை.

"அக்கா, எவ்வளவு பெரிய நம்பரா இருந்தாலும், அப்படிக் கூட்டினா வர்றது ஒன்பதால வகுத்த மீதிதான். அதுக்கு உங்க சண்டை தெரியாது."

"தெரியாமலா தம்பி ரெண்டு தடவையும் எட்டு வருது?"

"அவரு அங்க இருந்து எடுத்தா முன்னால நம்ம நாட்டுக் கோட் தொண்ணூத்தி நாலு வரும். அதையும் சேர்த்துக் கூட்டுங்க."

விரல்விட்டுக் கூட்டினார். மூன்று.

"அப்ப அவரு எடுத்தா மூணு. இங்க லுணுகலையில இருந்து என் மாமியா எடுத்தா எட்டு."

"ஆமா."

"சரியாத்தான் இருக்கு," என்று அதையே வாங்கிக்கொண்டார்.

மூடநம்பிக்கையைத் திருத்தப் போய், அதற்குப் புதிதாக ஒரு விதியைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறேன். நான் வெளியே வரும்போது நானா அடுத்த ஆளிடம் கேட்கிறார்: "கோல் வரப்போறது உள்ளூர்ல இருந்தா, வெளிநாட்டுல இருந்தா?"

உங்களுக்கு எத்தனை வருகிறது?