தகப்பனார் பெயருக்கு எதிரே

கங்காதரன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகப் போகச் சொல்ல மனசு வராது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் அறுபது வீடுள்ள ஒரு குப்பம். கடலுக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனவன் அங்கே அவன் ஒருத்தன்தான். செங்கல்பட்டில் விலங்கியல் படித்தான். படிப்பு முடிந்ததும் அதே கல்லூரி ஆய்வுக்கூடத்தில் புட்டிகளில் ஊறும் மீனுக்கும் நண்டுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டும் வேலை கிடைத்தது. பேராசிரியர் ஒருவர் விடாமல் தூண்டி விண்ணப்பம் போட வைத்தார். 1976 ஆவணியில் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. மீன்வளம் படிக்க இடம் உண்டு, செலவு முழுவதும் அவர்களுடையது. பாஸ்போர்ட்டும் விசாவும் வாங்கிக்கொண்டு தை மாதத்துக்குள் வந்து சேர வேண்டும்.

பாஸ்போர்ட்டு விண்ணப்பப் பாரங்களைப் பூர்த்தி செய்ய செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கும் ஞானதாஸிடம் போனான். ஊர், பிறந்த தேதி, மச்சம் எல்லாம் மளமளவென்று ஓடியது. தகப்பனார் விவரம் என்ற இடத்தில் மிஷின் நின்றது.

அவன் அப்பா நீலமேகம் நான்கு வருஷத்துக்கு முன்பு ஐப்பசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவர். உடம்பும் வரவில்லை, மரமும் வரவில்லை. இரண்டில் ஒன்று கரை ஒதுங்கினால்தான் அந்தக் குப்பத்தில் சாவு. அதுவரைக்கும் போனவர் கடலில் இருக்கிறார், அவ்வளவுதான். பெண்டாட்டி பூ வைப்பாள், பொட்டு வைப்பாள், நல்ல காரியத்துக்கு முன்னால் நிற்பாள். அவன் அம்மா எல்லம்மாள் நாலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டுதான் கருவாடு விற்கப் போவாள். இலங்கையில் ஒரு ஜெயிலில் நீலமேகத்தைப் போல் ஒருவரைப் பார்த்ததாக எவனோ சொன்னதை வருஷம் தவறாமல் அவள் எல்லோருக்கும் சொல்வாள்.

"காணாமப் போய்ட்டாருன்னு போட்டுக்கலாமாண்ணே?" என்றான் கங்காதரன்.

ஞானதாஸ் கண்ணாடியைக் கழற்றினார். "போட்டுக்கலாம்பா. எங்க போனாரு, எந்த ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்க, ஒருவேள அந்த நாட்டுலயே கீறாரான்னு ஒவ்வொண்ணா தோண்டுவான். தை மாசம் போயி அடுத்த தையும் வந்துடும். செத்துட்டார்னு போடு, ஒரே வார்த்த. ஒங்கம்மா கைநாட்டோட ஒரு அபிடவிட்டு வெச்சா முடிஞ்சிது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்றான். நீ ஒண்ணே ஒண்ணுதானே சொல்ற?"

கங்காதரன் யோசித்தான். யோசித்தான் என்று சொல்வது அவனுக்காக. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. சரி என்று தலையாட்டினான். டக் டக்கென்று அடித்துத் தள்ளினார் ஞானதாஸ். "எனது கணவர் நீலமேகம் கடலில் மரணமடைந்தார்" என்று அதில் இருந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். எல்லம்மாள் மணலில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையைத் துடைத்துவிட்டு, மை தடவி, கட்டை விரலை அவனே பிடித்து அழுத்தினான்.

"இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள்.

"நான் ஒம் புள்ளதான்னு எழுதிக்கீது."

"அத்தக்கூடவா எழுதிக் கேக்கறான் அந்த ஊர்க்காரன்?" என்று சிரித்தாள். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிற்பாடு அவன் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. அவள் கேட்கவில்லை. பிள்ளை படித்தவன், அவனிடம் என்ன கேள்வி?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அன்றிலிருந்து அவள் கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போதெல்லாம் அவன் எழுந்து வெளியே போய்விடுவான்.

மூன்றாம் வாரம் பாஸ்போர்ட்டு விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் வந்தார். விசாரணை வரும் என்று ஞானதாஸ் சொல்லத்தான் செய்தார். வீட்டு வாசலுக்கே வந்து அம்மாவையே கேட்பார்கள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. புட்டி மீனுக்கெல்லாம் பெயர் தெரிந்தவனுக்கு இந்தப் புத்தி இல்லை.

போலீஸ்காரர் தாளைப் பார்த்தார். எல்லம்மாள் நெற்றியைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"நீதானே எல்லம்மாள்? ஒம் புருஷன் செத்துட்டதா நீயே கைநாட்டு வெச்சிகீறே. மெய்தானா?"

பக்கத்தில் வலைக்கு முடி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். எல்லம்மாள் போலீஸ்காரரைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அப்போதாவது "இல்லை சார், தப்பு என்னுது" என்று வாயைத் திறந்திருக்கலாம். நான்கு வார்த்தை சொன்னால் அமெரிக்கா கைவிட்டுப் போய்விடும் என்பதுதான் அந்த நேரத்திலும் அவன் நெஞ்சில் ஓடியது.

"கொஞ்சம் இரு சார்," என்று அவள் உள்ளே போனாள். பானையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி ஈரமாக, வெறுமையாக இருந்தது. தலையில் பூவும் இல்லை.

"மெய்தான் சார். நாலு வருசம் ஆவுது. எனக்குத்தான் மனசு வரல."

போலீஸ்காரர் வயசானவர். தாளில் எழுதிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

கங்காதரன் அவள் காலில் விழுந்து அழுதான். "எம்மா, அந்தக் காயிதத்த வாபஸ் வாங்கிடறேன். நான் எங்கயும் போவல."

"எழுந்திருடா. போலீசு கிட்ட பொய் எழுதினா உள்ள தள்ளிடுவான். நான் சொல்லிட்டேன், இனிமே அது பொய் இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அதோடு அவள் விடவில்லை. சொல்லுக்கு ஏற்ற செயல் வேண்டாமா? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. உடம்பு இல்லாததால் நீலமேகத்தின் பழைய வேட்டி ஒன்றை வைத்துக் காரியம் செய்தார்கள். கடலோரம் உட்கார்ந்து பிண்டம் பிடித்தவன் கங்காதரன்தான். எங்கோ ஒரு ஜெயிலில் அப்பா இந்நேரம் சோறு தின்றுகொண்டிருந்தால் என்ற நினைப்பு வந்ததும் உருண்டை கையிலேயே உதிர்ந்தது. பக்கத்திலிருந்தவர் தண்ணீர் தெளித்து மறுபடி பிடிக்கச் சொன்னார். பிறகு பெண்கள் எல்லம்மாளை அழைத்துப்போய்த் தாலி வாங்கினார்கள். அப்போது எழுந்த ஒப்பாரியில் அடுத்த வீட்டு சாந்தா "விசாவுக்கு ஒரு கருமாதி" என்று யாரிடமோ முணுமுணுத்தது அவன் காதில் தெளிவாக விழுந்தது.

பாஸ்போர்ட்டு வந்தது. விசாவுக்கு மெட்ராஸில் நேரில் வரச்சொல்லி மார்கழியில் தேதி கொடுத்தார்கள். அன்று காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். அவன் பரீட்சைக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும் அம்மாதான் சகுனத்துக்கு எதிரே வருவாள். அன்று அவளைக் காணோம். அடுப்படித் தட்டி சாத்தியிருந்தது.

"எம்மா, வெளிய வா. நேரமாவுது."

"நான் எதுக்க வரக் கூடாதுடா," என்றது உள்ளிருந்து குரல். "சாந்தாவ வரச் சொல்லிக்கீறேன், வருவா."

"எனக்கு நீதான் வரணும். இன்னா சகுனம் வேண்டிக்கீது!"

"தாலி அறுத்தவ எதுக்க வந்து ஒனக்கு விசா கெடைக்கலைன்னா, நான் பண்ணது எல்லாம் எதுக்குடா? போ. பஸ்ஸ வுட்டுடாதே."

தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தள்ளினால் திறந்துவிடும், அதற்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது. சாந்தா குடத்தோடு எதிரே வந்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல். அவன் கையை எடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அவனைப் பேட்டி கண்டவர் நரைத்த மீசை வைத்த அமெரிக்கர். நிதானமாகக் கேட்டார். படிப்பைப் பற்றி நான்கு கேள்வி. பிறகு, படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி வருவாய் என்று நான் எப்படி நம்புவது என்றார்.

அதற்கு அவன் ஒரு வாரமாக ஆங்கிலத்தில் எதை எதையோ மனப்பாடம் செய்து வைத்திருந்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: "என் அம்மா விதவை, சார். தனியாக இருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை."

அவர் கோப்பைப் புரட்டி எல்லம்மாளின் கைநாட்டு இருந்த தாளில் நின்றார். மெதுவாகத் தலையசைத்தார். விசா கொடுக்கிறேன், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள் என்றார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உன் தகப்பனார் இறந்ததற்கு வருந்துகிறேன் என்றார்.

கருமாதிக்கு வந்த ஊர் மொத்தமும் அவனிடம் கேட்காத துக்கத்தை அந்த மனிதர் கேட்டுவிட்டார். கங்காதரன் எழுந்து நின்று, "தேங்க் யூ சார்," என்றான்.