சாம்பார் கொட்டுன ஜமுக்காளம்

புது ஜமுக்காளத்துக்குன்னு ஒரு வாசம் இருக்கு... பஞ்சும் கஞ்சியும் கலந்த மாதிரி. ஆத்தூர்ல செல்வி வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போய் உக்காந்தப்போ மொதல்ல மூக்குல ஏறினது அந்த வாசம்தான். பொண்ணை நிமிந்து பாக்கத் தைரியம் இல்ல. அதனால ஜமுக்காளத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். செவப்பு, பச்சை, நடுவுல பளிச்சுன்னு வெள்ளைப் பட்டை. அசல் கைத்தறி.

செல்வி யாருன்னு கேக்காதீங்க... இப்ப அடுப்படியில இருந்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்கிறவங்கதான்.

எங்க பக்கம் பொண்ணு பிடிச்சாத்தான் அந்த வீட்டுல கை நனைப்பாங்க. எங்கம்மா "எங்களுக்குச் சம்மதம்"னு சொன்னதும் இலையப் போட்டுட்டாங்க. எனக்குச் சந்தோசத்துல கை கால் ஓடல. சாம்பார் கிண்ணத்தைச் செத்த நகத்தி வைப்போம்னு...

மொத்தத்தையும் வெள்ளைப் பட்டையில கவுத்துட்டேன்!

செல்வியோட அப்பா முகம் சுருங்கிப் போச்சு. "எம் மக கல்யாணத்துக்குன்னே சொல்லி நெய்ய வச்சது தம்பி... வெள்ளிக்கிழமை பூ வைக்க இதத்தான் விரிக்கணும்னு இருந்தேன்."

அப்ப நான் நாகல் நகர்ல ஒரு பந்தல் வாடகைக் கடையில வேலை பாத்தேன். வாயை மூடிக்கிட்டு இருந்துருக்கலாம். விதி.

"குடுங்க மாமா! எங்க கடை ஜமுக்காளம் அம்புட்டையும் நாந்தான் துவைக்கிறேன். வெள்ளிக்கிழமை புதுசு மாதிரி கொண்டாரேன்!"

உண்மை என்னன்னா, கடையில எனக்கு ட்யூப் லைட் கட்டுற வேலை. எஞ்சட்டையவே எங்கம்மாதான் துவைக்கும்.

மறுநாள் காலையில கடைத் தொட்டிக்கிட்ட விரிச்சுப் போட்டு, பார் சோப்பை எடுத்து வீராப்பா ஒரு தேய். கறை லேசாச் செவந்துச்சு. இன்னும் ரெண்டு தேய்... நல்லாச் செவந்துச்சு. பயந்துபோய் இன்னும் தேய்ச்சேன். ரத்தம் கொட்டுன மாதிரி ஆயிப்போச்சு!

சரி, செவப்புப் பட்டைச் சாயம் வெள்ளையில இறங்கிருச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். பூ வைக்கிற அன்னைக்கு ரத்தக்கறையோட போய் நின்னா எவன் பொண்ணு குடுப்பான்? தொட்டி ஓரத்துல உக்காந்துட்டேன். கல்யாணம் அவ்வளவுதான்...

அப்பத்தான் சலீம் வந்தான். பேகம்பூர்க்காரன், என் வயசுதான். கடையில நெசமாவே ஜமுக்காளம் துவைக்கிற ஆளு. பாத்துட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

"பங்காளி, ஆரத்தி எப்பிடிடா கரைப்பாங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டு..."

"என்ன கலரு வரும்?"

"செவப்பு..."

"அதத்தான் நீ இங்க கரைச்சு வச்சுருக்க! சாயம் எதுவும் போகல. சாம்பார்ல இருக்கிற மஞ்சளு, சோப்புக் காரம் பட்டுச் செவந்துருக்கு. இன்னொருவாட்டி சோப்பைத் தொட்டே, கையை ஒடிச்சுருவேன்!"

எனக்குப் போன உயிரு திரும்பி வந்துச்சு.

பச்சைத் தண்ணிய ஊத்தி ஊத்திச் சோப்பை அலசுனோம். சலீம் என்னைப் பிரஷ்ஷைத் தொடவே விடல. ஈரமான வெள்ளைத் துணிய ஒரு மூலையில வச்சு அமுக்கிப் பாத்தான், சாயம் ஒட்டல. அப்புறம் எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு அதே மூலையில ஒரு சொட்டு விட்டுப் பாத்து, அதுவும் சரின்னதும் கறை மேல விட்டான். யப்பா! செவப்பு என் கண்ணு முன்னாடியே மஞ்சளா மாறிருச்சு! நான் கத்துன கத்துல முதலாளி என்னமோன்னு வெளிய ஓடி வந்துட்டாரு.

மிச்ச மஞ்சளுக்கு மருந்து வெயிலுதானாம். ஆனா அதே வெயிலு செவப்பையும் பச்சையையும் வெளுத்துரும். அதனால பழைய வேட்டியால எல்லாத்தையும் மூடி, கறையை மட்டும் வெயில் படுற மாதிரி விட்டோம். ரெண்டு நாளு லைட் கட்டுற நேரம் போக, காக்கா விரட்டிக்கிட்டு அதுக்குக் காவல் இருந்தேன்.

கடைசியா, சோப்புக்குப் பதிலா காரமில்லாத பூந்திக்கொட்டைத் தண்ணியில ஒரு நனை. முறுக்கிப் பிழியப் போனேன். "ஏலே, நூலு கோணிக்கும்டா! அமுக்கி மட்டும் எடு"ன்னான். ஈரத்தோட கொடியில போட்டா கனத்துல தொங்கிப்போகும்னு கயித்துக் கட்டில்ல நெழல்ல விரிச்சுக் காயவச்சோம்.

வியாழக்கிழமை பாத்தா துவரம்பருப்பு அளவுக்கு ஒரே ஒரு மஞ்சப் பொட்டு. அது மட்டும் போக மாட்டேன்னுருச்சு.

வெள்ளிக்கிழமை பஸ்ஸுல புள்ளைய வச்சுக்கிற மாதிரி மடியில வச்சுக் கொண்டு போனேன். மாமா விரிச்சுப் போட்டு, முட்டி போட்டுத் தேடுறாரு. அந்தப் பொட்டுப் பக்கம் கண்ணு போகாம நான் கூரையப் பாத்துக்கிட்டு இருக்கேன்...

"எங்க கொட்டுனீங்கன்னே தெரியலையே தம்பி!"

பூ வைக்கச் செல்விய அழைச்சுட்டு வந்தாங்க. நேரா வந்து, சரியா அந்தப் பொட்டு மேல சேலைய விரிச்சு உக்காந்தா.

கல்யாணம் ஆகி ரொம்ப நாள் கழிச்சுக் கேட்டேன். "அந்தப் பொட்டு தெரிஞ்சுதான் உக்காந்தியா?"

"பின்ன? அது மட்டுமா... நீங்க லைட் கட்டுற ஆளுன்னு எங்கண்ணன் முன்னாடியே விசாரிச்சுட்டு வந்துருச்சு."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"துவைக்கத் தெரியாத மனுசன் இம்புட்டுப் பெரிய ஜமுக்காளத்தைத் தூக்கிட்டுப் போறாரு... திரும்பி வாராரான்னு பாக்க வேணாமா?"

இத எல்லாம் இன்னைக்கு எதுக்கு எழுதுறேன்னா... வர்ற ஞாயித்துக்கிழமை எம் மகளைப் பொண்ணு பாக்க வாராங்க! மக சொல்லுது, "சோபா இருக்குல்லப்பா, அம்மாவுக்குச் சீரா வந்த அந்த ஜமுக்காளத்தை ஏன் எடுக்குறீங்க?" நான் கேக்கல. நேத்தே பூந்திக்கொட்டை ஊறவச்சு, மொட்டை மாடியில நெழல் பாத்து விரிச்சாச்சு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. சலீமுக்குப் போனைப் போட்டா அவன் கேட்ட மொத வார்த்தை, "சோப்பைத் தொட்டியா?"

இப்பல்லாம் காபியக் குடிச்சுட்டு, போன்ல சொல்றோம்னு கிளம்பிருறாங்க. கொட்டுறதுக்குக்கூட நேரம் இல்ல. வர்ற பையன் எப்பிடியோ...

காஞ்சதும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு அந்தப் பொட்டைத் தேடு தேடுன்னு தேடுனேன். கிடைக்கல. செல்வி வந்தா. கண்ணாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல... குனிஞ்சு நேரா அது மேல வெரலை வச்சுட்டு, "ஞாயித்துக்கிழமை சாம்பார் வைக்கிறேன்"னு சொல்லிட்டுப் போறா.