பதினான்காம் பக்கத்தில் நான் எழுதிய தவறு

1. சனிக்கிழமை வகுப்பு

முரளி அன்று வகுப்புக்குப் பிந்தி வந்தார். வந்தவர் உட்காரவில்லை. நின்றபடியே கையை உயர்த்தினார்.

“டீச்சர், உங்க கையேட்டுப் பதினாலாம் பக்கம் சூப்பர் லா. எங்க மாமனார் பதினாறாம் நாள் காரியத்துல அதைச் சொன்னேன். ஒருத்தர்கூட வாயைத் திறக்கல.”

வகுப்பில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

“என்ன சொன்னீங்க முரளி?”

“எல்லாரும் அழுதுக்கிட்டு இருந்தாங்க. உங்க சமயப்படி உலகமே மாயைதானே, அப்ப மாமா செத்ததும் மாயைதான், எதுக்கு அழறீங்கன்னு கேட்டேன். என் வைஃப்கிட்ட பதிலே இல்ல.”

“அப்புறம்?”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. “அப்புறம் யாரும் என்கிட்ட பேசல டீச்சர். வேலை இருக்குன்னு நான் ஈப்போவுக்கு வந்துட்டேன். அவளும் பிள்ளையும் பீடோர்ல அவங்க அம்மா வீட்டுலயே இருந்துட்டாங்க. ஒன்பது நாளாச்சு, போன் எடுக்க மாட்டேங்கிறா. ஸ்கூல் திறந்தா பிள்ளைய அங்கேயே சேர்த்துடுவோம்னு மச்சான் மெசேஜ் போட்டிருக்கான்.”

பள்ளி திறக்க இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அந்த வாக்கியம் முரளியுடையது அல்ல, என்னுடையது. எதற்கு அழுகிறீர்கள் என்பதை நான் கையேட்டில் எழுதவில்லை. ஆனால் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். “எல்லாம் மாயை என்றால் சாவு வீட்டில் எதற்கு அழ வேண்டும்?” என்று நான் கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த இடத்தில் சிரிப்பு வரும். அதற்காகவே நானும் அதை விடாமல் சொல்லி வந்தேன்.

2. நான் செய்த வேலை

மலேசியாவில், ஈப்போ நகரில் எங்கள் கிறிஸ்தவ சபைகளுக்கென்று ஒரு பயிற்சி மையம் உண்டு. அதில் பத்தொன்பது ஆண்டுகள் ‘விசுவாச விளக்கம்’ என்ற பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றேன். ஆங்கிலத்தில் அப்போலஜெட்டிக்ஸ் என்பார்கள். கடவுள் உண்டு என்று எப்படிச் சொல்கிறோம், இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதற்கு என்ன ஆதாரம், உலகத்தில் இவ்வளவு துன்பம் எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது, இவைதான் பாடம். அதற்கு முன் இடைநிலைப்பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். தத்துவமும் இறையியலும் தபால் வழியாகப் படித்தவை.

என் வகுப்புக்கு வந்தவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள். லாரி ஓட்டுநர், தாதி, பேங்க் கிளார்க். முரளி சுண்ணாம்புக்கல் குவாரியில் மெஷின் டெக்னீஷியன். இரண்டு வருடத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவர். மனைவி தனலெட்சுமி சைவ சமயத்திலேயே இருந்தார். அதில் அதுவரை பெரிய சண்டை இருந்ததாகத் தெரியவில்லை.

இவர்களுக்காக நான் எல்லாவற்றையும் தோட்டத்து உதாரணத்தோடு சொல்வேன். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் குழாயில் வந்தது. ஒரு குழாய்க்குத் தண்ணீர் அடுத்த குழாயிலிருந்து வருகிறது, அதற்கு அதற்கும் அடுத்ததிலிருந்து. குழாயை எவ்வளவு தூரம் நீட்டினாலும் குழாய் தண்ணீரை உண்டாக்காது. எங்கோ மேலே ஓர் ஊற்று இருந்தாக வேண்டும். இன்று இருந்து நாளை இல்லாமல் போகக்கூடிய பொருள்கள் நிறைந்த இந்த உலகத்துக்கும் அப்படி ஓர் ஊற்று வேண்டும் என்பது முதல் பாடம். இது பதின்மூன்றாம் பக்கம் வரை.

பதினான்காம் பக்கத்தில், ‘இந்து சமயம் உலகத்தைப் பொய் என்று சொல்வதால் இந்தக் கேள்வியையே அது கேட்க முடியாது’ என்று எழுதியிருந்தேன். தெலுக் இந்தானிலும் பாரிட் புந்தாரிலும் சபைகள் அந்தக் கையேட்டைத்தான் வைத்து நடத்தின.

3. பாஸ்டரின் அறையில்

ஞாயிறு முழுக்க அந்தப் பக்கத்தை எங்கிருந்து எடுத்தேன் என்று தேடினேன். ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. அதுவும் ஒரு வேதாந்தப் பிரிவைப் பற்றியது. அதை எடுத்து எல்லா இந்துக்கள் தலையிலும் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மையத்தின் இயக்குநரான பாஸ்டரிடம் போனேன். பீடோருக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாகச் சொன்னேன்.

“செலின், நல்லா யோசிங்க. நம்ம வேலை விசுவாசத்துக்காகப் பேசுறது. பாடம் எடுக்கிற நீங்களே போய் சாரி சொன்னா, பாடமே தப்புன்னு ஆயிடும் லா.”

“தப்பாத்தான் இருக்கு பாஸ்டர்.”

“இது புருஷன் பொண்டாட்டி விஷயம். நான் போய் ஜெபம் பண்ணிட்டு வாரேன்.”

“அதை எழுதும்போது ஒரு இந்துகிட்டகூட நான் கேக்கல. பக்கத்து வீட்டு அக்காகிட்டகூட கேக்கல. அவங்க வீட்டுலதான் தீபாவளிக்கு தீபாவளி சாப்பிடுறேன்.”

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. சபைகளிலிருந்து போன் வருமே என்ற பயம்தான். “சரி, போங்க. ஆனா வகுப்புல இதைப் பேச வேணாம்” என்றார்.

அதற்கு வாக்குக் கொடுக்காமலே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

4. பீடோர்

செவ்வாய்க்கிழமை காலை காரை எடுத்துக்கொண்டு போனேன். சாலையோரத்தில் கொய்யாப்பழம் விற்றார்கள். துக்க வீட்டுக்கு வாங்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தவர் தனலெட்சுமியின் அண்ணன். நான் யாரென்று சொன்னதும், “ஓ, நீங்கதான் அந்த டீச்சரா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். தனலெட்சுமி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஈப்போவில் பாலர்பள்ளி ஆசிரியை. பின்னால் நாற்காலியில் அவர் அம்மா உட்கார்ந்திருந்தார். சுவரில் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது.

பேச்சை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“முரளி சொன்னது நான் சொல்லிக் குடுத்தது” என்றேன். “அது தப்பு. உங்ககிட்டயும் அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேக்க வந்தேன்.”

தனலெட்சுமி எழுந்து உள்ளே போனார். இனி வெளியே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அவர் என் கையேட்டோடு திரும்பி வந்தார். முரளி அங்கே விட்டுவிட்டு வந்த பிரதி. பதினான்காம் பக்கத்தில் அவர் பென்சிலால் நிறைய எழுதியிருந்தார்.

“டீச்சர், மாயைன்னா பொய்யின்னு உங்களுக்கு யார் சொன்னது?”

“ஒரு புத்தகத்துல படிச்சேன்.”

“நான் கோயில்ல மூணு வருஷமா சைவ சித்தாந்த வகுப்புக்குப் போறேன். எங்களுக்கு இறைவன் உண்மை, உயிர் உண்மை, உலகமும் உண்மை. மாயைங்கிறது உலகத்தைச் செய்யிற மூலப்பொருள். குயவனுக்கு மண்ணு மாதிரி. மண்ணு பொய்யா? எங்க அப்பா உடம்பு பொய்யில்ல. முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டின உடம்பு அது. நாங்க அழுததும் பொய்யில்ல.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அன்னைக்கு ஏன் இந்தப் பதிலைச் சொல்லல?” என்று கேட்டேன்.

“அப்பாவுக்குப் படைச்ச சாப்பாடு முன்னால இருக்கு டீச்சர். அங்க உக்காந்து யாராவது டிபேட் பண்ணுவாங்களா?”

பிறகு அவரே பக்கத்தைப் பின்னால் திருப்பினார். “இந்தக் குழாய் கணக்கு நல்லா இருக்கு. தோன்றி மறையிற உலகத்துக்கு ஒரு கர்த்தா வேணும்னு எங்க வகுப்புலயும்தான் சொல்றாங்க. அதை ஏன் உங்களுக்கு மட்டும் சொந்தம் மாதிரி எழுதியிருக்கீங்க?”

இது எனக்குப் புதிய செய்தி. இத்தனை ஆண்டு நான் எடுத்த பாடத்தின் முதல் பாதி அவருக்கும் பொதுவானது என்று அப்போதுதான் தெரிந்தது.

“அப்ப நமக்குள்ள வித்தியாசம் எங்க தொடங்குது?” என்றேன்.

“மண்ணுலதான். எங்களுக்குக் குயவன் எப்பவும் இருக்கான், மண்ணும் எப்பவும் இருக்கு. உங்க சாமி மண்ணே இல்லாம பானை செய்யறார்.”

“ஆமா. இல்லாமையிலிருந்து படைச்சார்னுதான் நாங்க நம்புறோம்.”

“அப்ப பானையில ஓட்டை இருந்தா யார் பொறுப்பு? நாங்க ஆணவ மலம்ங்கிற அழுக்கு ஆதியிலேருந்தே உயிரைப் பிடிச்சிருக்குன்னு சொல்லலாம், அதை இறைவன் உண்டாக்கல. உங்களுக்கு அப்படிச் சொல்ல வழியில்லையே.”

தீமை பற்றிய கேள்வியை இவ்வளவு கச்சிதமாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. படித்து வைத்திருந்த பதிலைச் சொன்னேன். தீமை என்பது தனியாக ஒரு பொருள் அல்ல, இருக்க வேண்டிய நன்மை இல்லாமல் போன நிலை. ஓட்டை என்பது ஒரு பொருள் அல்ல, அந்த இடத்தில் மண் இல்லை, அவ்வளவுதான்.

தனலெட்சுமி சிரித்துவிட்டார். “ஆனா தண்ணி ஒழுகுதே டீச்சர்!”

அம்மாகூட லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் காரியத்துக்குப் பிறகு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்தது.

“என்கிட்ட முழுப் பதில் இல்ல தனம்” என்றேன். என்னையறியாமல் தனம் என்று வந்துவிட்டது. “மனுஷனுக்கு சுதந்திரம் குடுத்ததால வந்ததுன்னு ஒரு பாதி சொல்லலாம். மிச்சப் பாதிக்கு நாங்க சிலுவையைத்தான் காட்டுவோம். வலியை அவர் தூரத்துலேருந்து பாக்கல, தன் மேலயே ஏத்துக்கிட்டார்னு.”

அவர் யோசித்தார். “நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல. ஆனா கிண்டல் இல்லாம சொல்றீங்க. இதை அவர்கிட்ட சொல்லிக் குடுத்திருக்கலாம்.”

கிளம்பும்போது, வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்கத் தோன்றியது. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அம்மா கொய்யாவில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை என் பையிலேயே போட்டு அனுப்பினார்.

5. பேனாவை எடுங்கள்

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் எல்லோரையும் பதினான்காம் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். பேனாவால் குறுக்கே ஒரு கோடு போடச் சொன்னேன். ஏன் என்று சொன்னேன். நான் படிக்காமல் எழுதியது, சிரிப்புக்காகச் சொன்னது, இரண்டையும் சொன்னேன்.

முரளி எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“நீங்க சொல்லிக் குடுத்ததைத்தானே நான் சொன்னேன்? இப்ப நான் மட்டும் கெட்டவனா?”

“இல்ல முரளி. முதல் தப்பு என்னுது. அதை நான் உங்க மாமியார்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். ஆனா அழறவங்க முன்னால அதைத் தூக்கிப் போட்டது உங்க தப்பு. அதை நான் உங்களுக்காகப் போய்ச் சொல்ல முடியாது.”

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. மறுநாள் ஆராதனைக்கு வரவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்க்கப் போய், ஒரு மனிதரைச் சபையிலிருந்தே துரத்திவிட்டேன் என்று நினைத்தேன். பாஸ்டரும் கூப்பிட்டு, “நான் சொன்னேன்லா” என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் தனலெட்சுமியிடமிருந்து வாட்ஸாப் வந்தது. ‘நேத்து வந்தார். அம்மா பக்கத்துல தரையில உக்காந்தார். அப்புறம் மாமாவைப் பத்தி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு அழுதார். அம்மா சோறு போட்டாங்க. சனிக்கிழமை வீட்டுக்கு வாரோம்.’

அதை நான்கைந்து தடவை படித்தேன். பிறகு மையத்துச் சமையலறைக்குப் போய் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங் ஒரு தட்டு முழுவதையும் தின்றேன். ஒரு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடே இறங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பாஸ்டர் எட்டிப் பார்த்து, “என்ன, நல்ல செய்தியா?” என்றார். போனை நீட்டினேன். படித்துவிட்டு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஸ்தோத்திரம். கோடு போட்ட விஷயத்தை மத்த சபைகளுக்கும் நானே லெட்டர் எழுதிடுறேன்” என்றார். ஒரு சபையும் கோபித்துக்கொள்ளவில்லை. பாரிட் புந்தாரிலிருந்து மட்டும் ஒருவர் போன் செய்து, அந்தப் பக்கம் தனக்கும் உறுத்தலாகத்தான் இருந்தது என்றார்.

6. கற்றுக்கொண்டது

முரளி வகுப்புக்குத் திரும்பி வந்தார். தனலெட்சுமி இன்றும் சைவர்தான். அவர்கள் வீட்டுச் சாமி மேடை இருந்த இடத்தில் இருக்கிறது. முரளி தினமும் அதே ஹாலில் பைபிள் வாசிக்கிறார். அவர்களுக்குள் வாக்குவாதம் நின்றுவிட்டதாக நான் சொல்ல மாட்டேன்.

இந்தப் பாடத்தை எடுக்க வரும் இளைய ஆசிரியர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். எதிரே இருப்பவருடைய நம்பிக்கையை நீங்கள் எழுதினால், அதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். ‘ஆமாம், இதுதான் நான் நம்புவது’ என்று அவர் சொல்லும் வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அதற்கு முன் நீங்கள் மறுப்பது அவரை அல்ல, நீங்களே செய்துவைத்த ஒரு பொம்மையை. அதை ஜெயிப்பது சுலபம். ஆனால் அந்த ஜெயத்தை நம்பி ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பேசினால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்துவிட்டேன்.

புதிய பதினான்காம் பக்கத்தை எழுதத் தனலெட்சுமியின் உதவியைக் கேட்டேன். முதல் பிரதியில் ஏழு இடத்தில் சிவப்பு மையால் திருத்தினார். இரண்டாவதில் மூன்று இடம். மூன்றாவது பிரதியை அவர் வீட்டுக்கே எடுத்துப் போனேன். முரளி தேநீர் போட்டுக் கொடுத்தார். தனலெட்சுமி ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரியில் பேனாவை மூடி வைத்தார்.

“இப்ப இது நாங்க சொல்றதுதான் டீச்சர்” என்றார். “இனிமே நீங்க மறுத்து எழுதுங்க.”

அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன்.