கோப்பையில் உட்கார்ந்து வீட்டுக்குப் போகமுடியுமா?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய ஹில்டா பார்கெட்டருக்கு முதுகெலும்பே தேய்ந்துபோனது. "காரை வித்துடுங்க. இல்லன்னா முதுகு போயிடும்" என்றார் டாக்டர். எந்தக் காரை? பத்தொன்பது வயதில் வெறும் துருப்பிடித்த தகரமாக வாங்கித் தன் கையாலேயே உயிர் கொடுத்தாளே, அந்த 1966ஆம் வருடத்து இரண்டு இருக்கை சிவப்புக் காரை. விற்பதாம்!

சாலையில் ஒரு குழி விடாமல் எல்லாம் நேராக அவள் இடுப்பில்தான் வந்து இறங்கின. முதுகை மாற்ற முடியாது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றலாமே என்று புதியவை வரவழைத்தாள்.

பழைய கார் சங்கத் தலைவர் கிளைவுக்குப் பொறுக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் சங்கத்தின் கண்காட்சியில் கோப்பை. மூன்று வருடமாக அது ஹில்டாவிடம்தான் இருந்தது.

"அம்மணி, ஒரு திருகாணிய மாத்தினாலும் வெளி மைதானத்துலதான் நிறுத்தணும். ஐஸ்கிரீம் வண்டி பக்கத்துல."

"நல்லதாப் போச்சு. எனக்கு ஐஸ்கிரீம்னா உசிரு."

இரண்டு நாள் காருக்கடியில் கிடந்து எல்லாவற்றையும் மாட்டினாள். சோதித்துப் பார்க்க, கிளைவ் வீட்டருகே உள்ள, திமில்போல் எழும்பிய கால்வாய்ப் பாலத்தில் ஏற்றினாள். அம்மாடி! முன்னைவிட மோசமாகத் தூக்கிப் போட்டது. கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது.

"வாங்குன சாமானே சரியில்ல" என்று பொருமினாள்.

வேலி வெட்டிக்கொண்டிருந்த கிளைவ் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பேசாம எனக்குக் குடுத்துடுங்க. போர்வை போத்திப் பத்திரமா வச்சுக்கறேன்."

"போர்வை போத்த அது என்ன பொணமா?"

கோபத்தோடு மறுபடி காருக்கடியில் நுழைந்தாள். பார்த்தால், தப்பு அவளுடையதேதான். ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டுகளை இறுக்கியிருந்தாள். கார் தரையில் இறங்கியதும் இணைப்புகளுக்குள் அதிர்வு தாங்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள் முறுக்கிக்கொண்டு விறைத்துவிட்டன. கத்துக்குட்டிகூடச் செய்யமாட்டானே! தலையில் அடித்துக்கொண்டாள். புஷ்களை மாற்றி, நான்கு சக்கரங்களையும் கனமான கட்டைகள்மேல் நிற்கவைத்து, தன் எடைக்கு ஈடாக இருக்கையில் உருளைக்கிழங்கு மூட்டைகளை ஏற்றி, அதன் பிறகு போல்ட்டுகளை இறுக்கினாள்.

கண்காட்சி நாற்பது மைலுக்கு அப்பால். மழைக் குழிகள் நிறைந்த கிராமத்துச் சாலை வழியாகவே ஓட்டி வந்தாள். வாசலில் நின்ற கிளைவ் வெளி மைதானத்தைக் கைகாட்டினார். அவர் பின்னால், இழுவை வண்டியில் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்த அவருடைய காரை நாலு பேர் பதமாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே நின்ற மற்ற கார்களும் அப்படி வந்தவைதான்.

ஹில்டா ஐஸ்கிரீம் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பின்னாலேயே வந்த கிளைவ், "கோப்பை போச்சே ஹில்டா!" என்றார்.

"போகட்டும். கோப்பையில உக்காந்து வீட்டுக்குப் போகமுடியுமா?"

சொல்லிக்கொண்டே இறங்கினாள். கதவைப் பிடிக்கவில்லை.