அவிழ்க்காத கொத்து

சன்னாசி அண்ணன் இறந்துவிட்டார். பட்டிப்பொலவுக்கு மேலே உள்ள காட்டில், ஏற்கெனவே வெளியேறிவிட்ட ஓர் ஆளைத் தேடி உள்ளே போனார். மறுநாள் காலையில் ஓடைக்கரையில் கண்டெடுத்தோம். செய்தி எனக்குப் போனில் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் சட்டென்று நின்று, திரும்பி என்னைப் பார்த்து, இரண்டு கையையும் தலையில் வைத்தார். அப்படித்தான் வந்தது.

அவரோடு அந்தக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கியவர்கள் பலர் எனக்குப் போன் எடுத்து என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி என்றேன். இன்னொருவருக்கு வழுக்கி விழுந்துவிட்டார் என்றேன். இரண்டும் நான் தப்பிக்கச் சொன்னது. நடந்ததை இங்கே ஒரே முறையாக எழுதிவிடுகிறேன்.

நானுஓயாவில் என் கடை முதலில் மழைக்கு விரிக்கிற படங்கும் றப்பர் சப்பாத்தும் விற்கிற கடை. பிறகு மலைக்குக் கூடாரத்தோடு வருகிற கூட்டம் கூடியது. கொழும்பில் பழைய கூடாரங்கள் மொத்தமாகக் கிடைத்தன. வாங்கி வாடகைக்கு விட்டேன். சன்னாசி அண்ணன் அப்போது தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டி இறக்குகிற அந்த வேலை பலருடைய முதுகை வளைத்துவிடும். அவருக்கு நாக்கைத்தான் கூர்மையாக்கியது. சப்பாத்து வாங்க வந்தவர், கடைக்குள் விரித்திருந்த கூடாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் அங்காலே திரும்பிய நேரம் கேத்தலை எடுத்து அதன் மேல் தண்ணீரை ஊற்றினார்.

"நானா, இதுக்குள்ள படுக்கிறவனுக்குக் குளிக்க வேற எடம் தேட வேணாம்."

முஸ்லிம் என்பதால் தோட்டத்து ஆட்கள் என்னை நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம்தான். ஆனால் எல்லாக் கூடாரத்தின் தையலிலும் மெழுகு பூசித் தருவதாக அவரே சொன்னார். பூசியும் தந்தார். ஒன்றும் ஒழுகவில்லை. அன்றே கேட்டேன், ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப் போவீர்களா என்று. காட்டு இலாகா அனுமதியும் ஆள் பிடிப்பதும் என் பொறுப்பு, காடு அவர் பொறுப்பு என்று பேசிக்கொண்டோம். கூலியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. "கொத்துக் கணக்குல நீங்க கை வைக்கக் கூடாது" என்றார். அது என்ன என்று தெரியாமலே தலையாட்டினேன்.

நீங்கள் அந்தக் கொத்தைக் கட்டியிருப்பீர்கள். மரக்கறித் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு வளைந்த மரம் நிற்கிறது. சிவப்பாகப் பூக்கும். சிங்களத்தில் மகரத்மல் என்பார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரும் ஒரு சிறு இலைக்கொத்தை ஒடித்து அதில் கட்ட வேண்டும். வெளியே வரும்போது தன் கொத்தைத் தானே அவிழ்த்துப் போட வேண்டும். முதல் கொத்து அவருடையது. கடைசியாக அவிழ்ப்பதும் அவருடையதுதான். காட்டுச் சாமிக்கு என்று சொல்லித்தான் கட்ட வைப்பார். ஒருநாள் நானே கேட்டேன், உங்கள் சாமிக்கு இலை எதற்கு என்று.

"சாமிக்கு எண்ணத் தெரியாது நானா. அதான் நான் எண்ணிக் குடுக்கிறேன்."

ஒருமுறை இரண்டு கொத்து மிஞ்சியது. எல்லாரும் வந்துவிட்டோம் என்று கூட்டம் சத்தியம் பண்ணியது. அவர் திரும்பிப் போய், படம் எடுக்கப் போய்க் கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த புருஷன் பெண்சாதியைக் கூட்டி வந்தார். அந்தப் பெண் நொண்டுகிற புருஷனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நடந்தாள். சன்னாசி அண்ணன் அவளிடம் சொன்னது ஒன்றுதான்: "மொதல்ல கொத்த அவுத்துட்டு அழு தாயி."

காற்று திரும்புகிற மாதங்களைத்தான் அவர் விரும்புவார். மேற்கிலிருந்து நான்கு மாதம் அடித்த காற்று புரட்டாசியில் ஓயும். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன்னால் சில வாரம் காடு தெளிந்து நிற்கும். மரங்களின் உச்சி சிவந்திருக்கும். வெளிநாட்டில் இலை உதிர்கிற காலம் மாதிரி இருக்கிறதே என்று யாராவது ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். "இது உதிர்ற எலை இல்லைங்க, மொளைக்கிற எலை. இங்க பிஞ்சுதான் செவப்பு" என்று அவரும் ஒவ்வொரு முறையும் திருத்துவார். அந்த வாரங்களை நம்பவும் மாட்டார். காலையில் வெயில் என்றால் நண்பகலுக்குப் பிறகு என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பார். நண்பகலுக்கு முன்பே கூடாரத்தைப் பிரித்துவிடுவார்.

கடைசியாகப் போனது ஏழு பேர். கொழும்புக்காரர்கள். கடையில் பொருள் எடுக்கும்போது கொத்து கட்டுகிற விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் முகம் சுளித்தான். தனக்குச் சாமி கும்பிடுகிற வேலைகளில் நம்பிக்கை இல்லை என்றான். வந்த வாடிக்கையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் இல்லை. "அது அந்த மனுசன்ட திருப்திக்கு. சும்மா பேருக்குக் கட்டுங்க. அவிழ்க்காட்டியும் ஒண்டும் ஆகாது" என்றேன். கணக்கில் கை வைக்க மாட்டேன் என்று தலையாட்டியவன் சொன்ன வார்த்தை இது.

மறுநாள் பகலில் வேனோடு காட்டு விளிம்பில் காத்திருந்தேன். மழை பிடித்துவிட்டது. ஆறு பேர் ஓடி வந்து, கொத்துகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு ஏறினார்கள். கடைசியாகச் சன்னாசி அண்ணன் கூடார மூட்டைகளோடு வந்தார். மூட்டைகளை வேன் கூரையில் ஏற்றினார். எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்து, மரத்தடிக்குப் போய்த் தன் கொத்தை அவிழ்த்தார். அப்புறமும் அங்கேயே நின்றார். ஒரு கொத்து மிஞ்சியிருந்தது.

"கண்ணாடி போட்ட தம்பி எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. முன்னால் போயிருப்பான் என்றார்கள். போனுக்கு அந்த இடத்தில் சிக்னல் கிடையாது. நானுஓயாவில் ரெயில் பிடிக்க வேண்டிய அவசரம் அவர்களுக்கு.

"அண்ணே, அவன் முன்னாலேயே எறங்கிட்டான் போல. ஏறுங்க" என்றேன்.

"போலன்னு நீங்க சொல்றீங்க. உள்ளதான் இருக்கான்னு கொத்து சொல்லுது."

"அது மரத்துல தொங்குற எலை அண்ணே."

"ஏழு பேரக் கூட்டிட்டுப் போனேன் நானா. ஆறு பேரோட வண்டியில ஏறுனா அப்புறம் என்னைய யாரு நம்புவா? நீங்க இவங்கள எறக்கிட்டு வாங்க."

நான் கடையில் சொன்னதை அந்த இடத்தில் அவரிடம் சொல்லியிருக்கலாம். கொத்து அவிழ்க்கத் தேவையில்லை என்று நான்தான் சொன்னேன், அதனால் அதை நம்பாதீர்கள் என்று. ஒரு வாக்கியம். ஆறு பேருக்கு முன்னால் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வெட்கப்பட்டேன்.

வேனை எடுத்தேன். நானுஓயா ஸ்டேஷனில் பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகிற ரெயில் வந்து நின்றது. ஜன்னலில் கண்ணாடி போட்ட அந்த இளைஞன் கையைக் காட்டினான். சன்னாசி அண்ணன் ஓடையில் ஏனம் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கிளம்பி, பட்டிப்பொலவுக்கு நடந்து போய் அங்கேயே ரெயில் ஏறியிருக்கிறான். நானுஓயாவில் ஏறினால் நிற்கத்தான் இடம் கிடைக்கும் அல்லவா. ஏழு சீட்டிலும் பையையும் துணிமணியையும் பரப்பிப் பிடித்து வைத்திருந்தான். நல்லது செய்த சந்தோஷம் முகத்தில். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மரத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறான். அவிழ்க்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தாரே.

வேனைத் திருப்பினேன். காட்டு விளிம்புக்குப் போய்ச் சேரும்போது மலையே தெரியவில்லை, அவ்வளவு பனிப்புகார். மரத்தில் இப்போது இரண்டு கொத்து. ஒன்று முந்தின நாளையது, வாடிச் சுருண்டிருந்தது. மற்றது பச்சை. உள்ளே போவதற்கு முன்னால் தனக்கும் ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். இருட்டும்வரை தோட்டக்காரர்களும் பொலிஸாரும் நானும் கூப்பிட்டோம். காற்று எங்கள் குரலை எங்களிடமே திருப்பித் தந்தது.

காலையில் அவரைக் கண்ட இடம், கூடாரம் போட்டிருந்த இடத்துக்குக் கீழே உள்ள ஓடை. பாறையில் வழுக்கிக் கால் உடைந்திருந்தது. மிச்சத்தை மழையும் குளிரும் செய்திருந்தன. மேலே வெறும் சட்டைதான். மழைக்கோட்டைத் தேடினோம். கடைக்கு வந்து வேன் கூரையைப் பார்த்தபோதுதான் கிடைத்தது. கூடார மூட்டைகளின் மேல் விரித்துக் கட்டிவிட்டுப் போயிருந்தார். என் சரக்கு நனையவில்லை.

இறுதிச் சடங்கு முடிந்த மூன்றாம் நாள் தோட்டத்து லயத்தில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பவளம் அக்கா பிளேன்டீ வைத்தார். ஓர் உறையை நீட்டினேன். அதை வாங்காமல் கேட்டார்:

"அந்தத் தம்பி ஏன் கொத்த அவுக்கலையாம்?"

எனக்கு மறுக்க வழி இருந்தது. கொழும்புக்காரர்கள் போய்விட்டார்கள். யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

"வேணாம்னு நான்தான் சொன்னேன் அக்கா" என்றேன்.

அக்கா அடுப்பில் விறகை உள்ளே தள்ளினார். பிறகு உறையை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

"காசு கொண்டாந்து முடிச்சிட்டுப் போலாம்னு பாக்காதீங்க. கடைய மூடவும் வேணாம். நான் சொல்றத மட்டும் செய்வீங்களா?"

சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் பேரம் பேசிப் பிழைத்தவன். அதற்குப் பேசவில்லை.

சன்னாசி அண்ணனின் பச்சைக் கொத்து இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. காய்ந்துவிட்டது. அவரவர் கொத்தை அவரவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பதால் நான் தொடவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், பவளம் அக்காவிடம் ஒத்துக்கொண்டு வந்த நிபந்தனைகளும்தான். இனி என் கடைக்கு வருகிறவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். கூடாரம் வெளியே போகிற நாளெல்லாம் மரத்தடியில் நான் நிற்க வேண்டும், எனக்குப் பதிலாக ஆளை வைக்கக் கூடாது. கொத்து கட்டாதவருக்குக் கூடாரம் இல்லை. அவிழ்க்காதவர் இருந்தால் வேன் நகராது, ரெயில் போனாலும் சரி. ஒரு கொத்து மிஞ்சினால், எனக்கும் ஒன்று கட்டிவிட்டு, உள்ளே போவது நான்.