மாங்குளத்துக் கேத்தில்

மாங்குளம் சந்தித் தேநீர்க்கடையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். கடைக்கார அக்கா கழுவ எடுத்த கேத்திலின் உட்புறம் முழுவதும் முட்டைக்கோது போல வெள்ளைப் படை. சூட்டில் உப்புகள் கூடுதலாகக் கரையும் என்று இருபது வருடமாக வகுப்பில் சொல்லிவருபவன் நான். வாய் சும்மா இருக்குமா?

"நான் விஞ்ஞான வாத்தி, அக்கா. நல்லாக் கொதிக்க வையுங்கோ, கரைஞ்சிடும்."

"கொதிக்கக் கொதிக்கத்தான் சேர் இது படியுது. எங்கட கிணத்துத் தண்ணியில கல்சியம் கூட. வாளியில கிடக்கேக்க கண்ணாடி மாதிரி இருக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு தேசிக்காயை வெட்டி, அதன் புளிச்சாற்றை உள்ளே பிழிகிறார். படை புசுபுசுவென நுரைத்து இளகுகிறது.

"தேசிக்காய் உங்கட பாடத்தில வரேல்லையோ, சேர்?"

நல்லவேளையாக பஸ் வந்து என்னைக் காப்பாற்றுகிறது.