கல்லில் இருந்த சக்கரம்

2023 நவம்பர் 2, வியாழக்கிழமை, காலை ஆறரை. தூறல் விட்டு விட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் தோள் பக்கம் நனைந்து கனத்தது. கல்லறைத் திருநாள் என்பதால் கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவை ஐந்து மணிக்கே திறந்துவிட்டிருந்தார்கள். மற்ற வருடங்களில் நான் பூசை முடிந்து பத்து மணிக்குத்தான் வருவேன். அன்று அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாத நிலை.

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அக்கா படுத்திருந்தாள். எண்பத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளாமல், எனக்கும் பிறகு என் பிள்ளைகளுக்கும் சமைத்துப் போட்டே காலத்தைக் கழித்தவள். முதல் நாள் மாலை வந்த டாக்டர் என்னை வாசலுக்கு அழைத்து, இனி வாரக் கணக்கு இல்லை, நாள் கணக்குத்தான் என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் புதிய குழிக்கு இடம் கிடையாது. இப்போது இறப்பவர்களை மதில் ஓரம் ஐந்தடுக்காகக் கட்டிய சிமெண்ட் அறைகளில் வைத்து மூடுகிறார்கள். சில வருடங்கள் கழித்து எலும்பை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். "என்ன அந்த லாக்கர்ல வெக்காதடா. மண்ணுல வெய்யி," என்றாள் அக்கா.

மண் வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. குடும்பத்துக்குப் பழைய கல்லறை இருந்தால் அதைத் திறந்து அதிலேயே வைக்கலாம். கமிட்டிச் செயலாளர் அன்று காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருந்தார். "உங்க வம்சத்துதுன்னு நீங்க சொல்றீங்க, சரி. ரெண்டாவது பார்ட்டி யாராவது வந்து எங்களுதுன்னு நின்னா நான் கை வெக்க மாட்டேன் சார்," என்று சொல்லியும் இருந்தார்.

எனக்கு அந்தக் கவலையே இல்லை. அந்தக் கல்லறை யாருடையது என்பதைப் பதினொரு வருடம் தேடி முடிவு செய்தவன் நான்.

எங்கள் வம்சத்தின் முதல் மனிதர் வேலூருக்கு அப்பாலிருந்து பட்டாளத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு கணவாய் ஏறி வந்தவர். இங்கே வெள்ளைக்காரர்களின் தண்டு, அதாவது பட்டாளக் குடியிருப்பு, அமைந்துகொண்டிருந்த காலம் அது. முள்காடும் குட்டைகளுமாகக் கிடந்த நிலத்தில், மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்தில் குடிசை போட்டுக்கொண்டார். இங்கேயே ஞானஸ்நானம் பெற்றார், இரண்டு முறை மணம் செய்தார், ஐந்து பிள்ளைகள் பெற்று மூன்றைப் பறிகொடுத்தார். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றபின் இவற்றைத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். அவரிலிருந்து எண்ணினால் நான் ஏழாவது தலைமுறை. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கள் வழக்கம் என்பதால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படைத் தலைமுறைக்கெல்லாம் ஒரே பெயர். என் பெயரும் அதுதான்.

தோட்டத்தின் கிழக்குப் பகுதியில் அந்தப் பெயர் வெட்டிய கல் ஒன்று இருந்தது. மேலே சிலுவை, நடுவே பெயர், கீழே பன்னிரண்டு ஆரங்களுடன் ஒரு சக்கரம். அடிப்பகுதி உடைந்து வருடம் போய்விட்டிருந்தது. மூன்றாமவர் பிளேக்கில் இறந்து முகாமிலேயே புதைக்கப்பட்டவர். ஐந்தாமவர், அதாவது என் தாத்தா, முதல் உலகப்போரில் பஸ்ராவுக்குக் கப்பலேறியவர். திரும்பவில்லை என்று வருடம் தவறாமல் எங்கள் வீட்டில் அவருக்காகப் பூசை வைப்பார்கள். ஏழாமவன் உயிரோடு நிற்கிறேன். மிச்சம் முதலாமவர்தான். சக்கரம் பீரங்கி வண்டிச் சக்கரம். கணக்கு முடிந்தது.

ஒரு இடம் மட்டும் இடித்தது. கிழக்குப் பகுதி பிற்பாடு சேர்த்த நிலம். அங்கே புதைக்கப்பட வேண்டுமானால் முதலாமவர் குறைந்தது தொண்ணூற்றாறு வயது வாழ்ந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து உடம்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா ஒப்பவில்லை. "தொண்ணூத்தாறு வயசுல செத்தவனுக்கு எவன்டா இவ்ளோ ஆசையா சக்கரம் வெட்டுவான்? ஊர்ல அவன தெரிஞ்சவனே இருந்திருக்க மாட்டான்," என்பாள்.

அன்று காலை நான் போனபோது கல் கழுவி இருந்தது. அதன்மேல் சாமந்தி மாலை. முன்னால் மெழுகுவர்த்தி இரண்டு, கற்பூரம், வாழையிலையில் இட்லி, கறிக்குழம்பு, ஒரு கட்டு பீடி. நனையாமலிருக்க மேலே குடை பிடித்தபடி ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். சேலைக்கு மேல் கம்பெனிக் கோட்டு. பக்கத்துக் கல்லறை மேடையில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். இருவர் நெற்றியிலும் விபூதி.

"யாரும்மா நீங்க? இது எங்க கல்லறை," என்றேன்.

குடைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுதா? எப்போலருந்து சார்?"

"பதினோரு வருஷமா வரேன். காவலாளிக்கு வருஷம் ஐநூறு கொடுத்துக் கழுவ வெக்கிறதே நான்தான்."

அவள் சிரித்துவிட்டாள். "அம்மா, கேட்டியா? நாம கழுவறதுக்கு அந்த ஆளு இவர்கிட்ட காசு வாங்கறான்." பிறகு என்னிடம், "நாங்க அஞ்சு மணிக்கு வந்து ஆறுக்குள்ள போயிடுவோம் சார். உங்காளுங்க பாத்தா சும்னே ஜகளா, வீண் சண்டை. இன்னிக்கு பொம்மசந்திரால நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் லேட்டு. அதான் மாட்டிக்கிட்டோம்."

"இது நூத்தம்பது வருஷத்துக் கல்லும்மா. வேற எதையோ பாத்து இதுன்னு நெனச்சிட்டு இருக்கீங்க."

மூதாட்டி தலையைத் தூக்கினார். "இன்னா நூத்தம்பது? கல்லு வெச்சது எங்கம்மா. மூக்குத்திய வித்து வெச்சுது. எங்க நைனாவ உள்ள வெச்சப்போ எனக்குப் பன்னெண்டு வயசு. மண்ணு போட்ட கையி இது."

அவருடைய அப்பாவின் பெயரைக் கேட்டேன். அவர் என் பெயரைச் சொன்னார்.

"சக்கரம்?"

"தண்ணி வண்டி. பஸ்ராலருந்து வந்து சாகற வரிக்கும் எங்க நைனா தண்ணி வண்டி ஓட்டுனாரு."

பஸ்ரா என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த மெழுகுவர்த்திப் பொட்டலத்தைக் கீழே வைத்தேன். தொண்ணூற்றாறு வயது தேவையே இல்லை. அறுபது போதும். கிழக்குப் பகுதி சரியாக வந்தது, கல் அவ்வளவாகத் தேயாமல் வழவழப்பாக இருந்ததும் சரியாக வந்தது. பதினொரு வருடம் இடித்துக்கொண்டிருந்த கணக்கு நான் நின்ற இடத்திலேயே நேராகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

"அவருக்கு முன்னாடி ஒரு குடும்பம் இருந்துச்சா?"

"இருந்துச்சே. பெரிய வீடும்பாரு. பிரேசர் டவுன்ல. ஒரு பையன். அந்தப் பையனுக்கு கவர்மெண்டுல எழுதற வேல கெடச்சுதுன்னு யாரோ வந்து சொன்னாங்கோ. அன்னிக்குப் பூரா மாட்டுக்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாருன்னு எங்கம்மா சொல்லும்."

"அந்தப் பையன் எங்கப்பா," என்றேன்.

மூதாட்டி மகளின் கையைப் பிடித்து எழுந்து, என் முகத்துக்கு அருகே வந்து பார்த்தார். "காது அப்டியே கீது," என்றார் மகளிடம். என்னிடம், "அப்ப நான் உனக்கு அத்த. குந்து."

உட்கார்ந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன். அக்காவைப் பற்றி, லாக்கரைப் பற்றி, ஏழரைக்குச் செயலாளர் வருவதைப் பற்றி. அத்தையின் முகம் இறுகியது.

"நைனா மேல இன்னொருத்தரயா? அவரு நிம்மதியா கெடக்காரு."

"பேத்திதானே அத்தை."

"பேத்தி எத்தினி தடவ வந்தா?"

அவரே தொடர்ந்தார். "நைனா செத்தப்போ பெரிய வீட்டு ஆளுங்கதான் வந்து தூக்கினு போனாங்கோ. உம் அப்பனும் இருந்தான், நல்லா தெரியும். எங்கம்மாவ அந்த கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. சின்னப் பொண்ணுன்னு என்ன மட்டும் உள்ள விட்டாங்க. அவங்க கல்லு வெக்கல. எங்கம்மா குழி வெட்றவன் கையில துட்டு குடுத்து வெக்கச் சொல்லுச்சு. அது பேர அதுல போட முடியல." கல்லின் மேலிருந்த மாலையை நேராக்கினார். "உங்கக்காவ வெய்யி. நான் குறுக்க நிக்கல. எங்கம்மா பேரும் கல்லுல வரணும். நைனா பேருக்குக் கீழ. சம்சாரம்னு."

அப்படியானால் அப்பா அடக்கத்தில் நின்றிருக்கிறார். நின்றுவிட்டு வந்து, பஸ்ராவில் காணாமல் போனவருக்கு இன்னும் இருபது வருடம் பூசைக்குப் பணம் கட்டியிருக்கிறார். அந்தப் பூசையில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். இந்தக் கோயில் பங்கில் எங்களைத் தெரியாதவர் இல்லை. கல்லில் அந்தப் பெயர் ஏறினால் அடுத்த திருநாளுக்குள் ஒவ்வொருவரும் படித்துவிடுவார்கள். யோசிக்கிறேன் என்றேன்.

"யோசி," என்றார் அத்தை. "நான் எழுபது வருசமா யோசிக்கிறேன்."

போன் அடித்தது. வீட்டிலிருந்து நர்ஸ். "சார், அக்காக்கு மூச்சு மாறி மாறி வருது. டாக்டருக்குச் சொல்லிட்டேன். நீங்க சீக்கிரம் வாங்க."

மணி ஏழு ஐந்து. கையில் போனை வைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது செயலாளர் குடையோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். வரச் சொன்ன நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முன்னதாகவே. பின்னால் எங்கள் பங்குப் பெண்கள் இருவர், மாலையும் மெழுகுவர்த்தியுமாக. செயலாளர் கற்பூரத்தைப் பார்த்தார். இலையைப் பார்த்தார்.

"இதெல்லாம் இங்க கூடாதும்மா. உங்கள யாரு உள்ள விட்டது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொன்ன கல்லறை இதுதானா? இவங்க யாரு?"

குடைக்காரி இலையைச் சுருட்டத் தொடங்கினாள். தினம் பழகிய காரியம்போல, அவசரமில்லாமல். அத்தை அசையவில்லை. என்னையே பார்த்தார்.

தெரியாது என்று நான் சொன்னால் போதும். செயலாளர் அவர்களை வெளியே அனுப்பிவிடுவார். பத்து நிமிடத்தில் கல்லறை என் பெயரில் ஏறிவிடும். அக்காவுக்கு மண் கிடைத்துவிடும். எதிர்த்துக் கேட்க அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருந்தது, எல்லாம் வேறொருவரைப் பற்றியவை. உண்மையைச் சொன்னால் இரண்டாவது பார்ட்டியை நானே கூட்டி வந்து நிறுத்தியவன் ஆவேன். எல்லாம் அத்தையின் கைக்குப் போய்விடும். வீட்டில் மூச்சு மாறி மாறி வந்துகொண்டிருந்தது.

"எங்க அத்தை," என்றேன். "எங்க தாத்தாவோட பொண்ணு."

செயலாளர் விபூதியைப் பார்த்தார். "நம்ம பங்கு இல்லையே சார்."

"இல்ல. இதுல இருக்கறது எங்க தாத்தா. இவங்களுக்கு அப்பா. எனக்கு முன்னாடி இவங்களுக்குத்தான் உரிமை."

பின்னால் நின்ற பெண்களில் மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "பஸ்ராவுலன்னு சொன்னாங்களே, ஐயா? எங்கம்மா உங்க வீட்டுப் பூசைக்கு வருஷா வருஷம் வந்து அழுதிருக்காங்க."

"பஸ்ராலருந்து வந்துட்டாரு," என்றேன்.

செயலாளருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. "அப்போ இவங்க சம்மதம் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்ல?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவர் செயலாளரைப் பார்க்கவே இல்லை. "எங்கம்மா பேரப் போடுவியா?" என்று என்னைக் கேட்டார். அத்தனை பேர் நடுவிலும் குரலைத் தாழ்த்தவில்லை.

"போடறேன் அத்தை."

"சம்சாரம்னு?"

"சம்சாரம்னு."

வாசல் மேசையில் அத்தை கன்னடத்தில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக எழுத்து எழுத்தாகப் போட்டார். குடைக்காரி எனக்கு ஒரு ஆட்டோவை நிறுத்தி, டிரைவரோடு கன்னடத்தில் பேசி முப்பது ரூபாய் குறைத்துவிட்டு என்னை ஏற்றினாள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா மூச்சு சீராகிக் கண் திறந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். தாத்தா பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார் என்றதற்கு அவள் ஆச்சரியப்படவில்லை. அத்தை என்ற இடத்தில்தான் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"என்ன வயசு அவளுக்கு?"

"உன் வயசுதான்."

கையைப் போர்வைமேல் இறக்கிவிட்டுச் சொன்னாள்: "ஒரு அத்தை இருந்திருந்தா எனக்கு மாப்பிள்ளை பாத்திருப்பாடா. அப்பாக்கு அந்த சாமர்த்தியம் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை அக்கா போய்விட்டாள். திங்கட்கிழமை மாலை கல்லறையைத் திறந்தார்கள். தாத்தாவின் எலும்புகள் கொஞ்சம்தான் இருந்தன. வழக்கப்படி அவற்றை வெள்ளைத் துணியில் கட்டினார்கள். குழியின் தலைமாட்டில் வைப்பதற்கு முன் யாராவது ஏந்திக்கொள்ள வேண்டும். நான் கை நீட்டினேன். அத்தை என்னைத் தள்ளிவிட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி இறங்கி முடியும் வரை மார்போடு வைத்திருந்தார். சாமியார் ஜெபத்தைக் கொஞ்சம் நீட்டினார். அத்தைக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் மனிதர் எங்கே கிடக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை. பழைய பகுதியில் எத்தனையோ முறை வெட்டி மூடிய மண்ணில் எங்காவது இருப்பார்.

டிசம்பரில் அதே கல்லைப் புதிய பீடத்தில் வைத்தோம். தாத்தாவின் பெயருக்குக் கீழே அத்தையின் அம்மா பெயர், அதற்குக் கீழே அக்காவின் பெயர். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்டார். "சம்சாரம்" என்பதற்குத் தனியாக வாங்கினார். பாதி தருகிறேன் என்று அத்தையின் மகள் பிடிவாதம் பிடித்தாள், நான் வாங்கவில்லை. கமிட்டிக் கட்டணம், வெட்டுக்கூலி, பீடம், எழுத்து, சக்கரத்துக்கு மறுபடி உளி போட்டது, எல்லாம் சேர்த்து முப்பத்தேழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.